சென்னை மெட்ரோ: ரிக்கற் பத்து ரூபாய், மிச்சக் காசு யாருடையது?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ரயில் பைத்தியமும் இல்லை, பொறியியலாளரும் இல்லை. கிளிநொச்சியில் கரடிப்போக்குப் பக்கம் தண்ணீர்ப் பம்பு திருத்துகிற கடை ஒன்று வைத்திருக்கிறேன். 2025 வைகாசியில் (அதாவது மே மாதம், நாங்கள் ஆங்கில மாதங்களைத் தமிழ்ப் பெயரில்தான் சொல்வோம்) அம்மாவின் கண்ணைக் காட்டுவதற்காகச் சென்னைக்குப் போய் மூன்று கிழமை அக்கா வீட்டில் நின்றோம். அந்த மூன்று கிழமைக்குள் ஏழெட்டுத் தடவையாவது மெட்ரோவில் ஏறியிருப்போம். ஊருக்குத் திரும்பிய நாளிலிருந்து கடைக்கு வருகிறவர்கள் சென்னை எப்படி என்று கேட்டால் நான் மெட்ரோவைப் பற்றியே கதைக்கிறேன் என்று வீட்டில் ஒரே பகிடி. அதுதான் ஒருக்கா எழுதிப் போடுகிறேன், இனிக் கேட்கிறவர்களுக்கு இதைக் காட்டிவிட்டு நான் பம்பைப் பார்க்கலாம்.

அக்கா இருப்பது வளசரவாக்கத்தில். அங்கிருந்து ஆஸ்பத்திரி எழும்பூர்ப் பக்கம். முதல் நாள் ஓட்டோவில் போனோம். நாங்கள் வாய் திறந்ததும் "சிலோனா சார்?" என்று கேட்ட அந்த மனுசன், அதற்குப் பிறகு சொன்ன விலையை நான் இங்கே எழுதினால் அக்கா கோபிப்பா, ஏனென்றால் பேரம் பேசாமல் ஏறினது நான். காசு போனதுகூடப் பரவாயில்லை, ஆற்காடு சாலையைத் தாண்டவே அரை நாள் போனது போல இருந்தது. அந்தச் சாலையின் நடுவில்தான் மெட்ரோவின் இரண்டாம் கட்ட வேலை அப்போது நடந்துகொண்டிருந்தது. ஒரே தூணில் இரண்டு தட்டு, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ரயில் பாதை. அண்ணாந்து பார்த்தால் பிரமிப்பு, கீழே பார்த்தால் தகர வேலி, வேலிக்கு இந்தப் பக்கம் மிஞ்சியிருக்கிற ஒடுங்கின வழியில் பஸ்சும் ஓட்டோவும் மோட்டார்சைக்கிளும் தண்ணீர் லொறியும். அடுத்த நாளிலிருந்து அக்காவின் மகன் வடபழனி ஸ்டேசன் வரைக்கும் கொண்டுவந்து விட்டான், மிச்சம் மெட்ரோ.

சரி, மெட்ரோ எப்படி? நல்லது. நான் எதிர்பார்த்ததை விட நல்லது. ஸ்டேசன் துப்புரவாக இருக்கிறது, பையை மெசினில் போட்டு எடுக்க வேண்டும், கவுண்டரில் காசு கொடுத்தால் புள்ளிக்கோலம் அச்சடித்த சின்னக் கடதாசி ஒன்று தருகிறார்கள், அதைக் கதவில் காட்டினால் கதவு திறக்கிறது. போனில் வாட்சப்பிலேயே ரிக்கற் எடுக்கலாம், கார்ட் போட்டும் போகலாம், ஆனால் எங்களைப் போல வந்து போகிற ஆட்களுக்குக் கவுண்டர்தான் சுகம். ஆகக் குறைந்தது 10 ரூபாய், ஆகக் கூடியது 50. எங்கள் இரண்டு பேருக்கும் போக வர ஆன காசு, ஓட்டோக்காரர் ஒருவழிக்குக் கேட்டதில் பாதிகூட வராது. பெண்களுக்கு ஒரு தனிப் பெட்டி. அடுத்த ஸ்டேசன் எது என்று தமிழில் சொல்கிறார்கள். அம்மாவுக்கு அதுதான் ஆகப் பிடித்தது. ரயிலில் யாரோ தன்னோடு கதைக்கிறார்கள் என்று நினைத்து முதல் இரண்டு தடவை தலையாட்டினா.

எஸ்கலேற்றர்தான் பிரச்சினை. அம்மா சேலைக் கரையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தபடி அதற்கு முன்னால் நின்று, படி வருகிறது, போகிறது, வருகிறது, காலை எடுத்து வைக்கிறா இல்லை. பின்னால் வேலைக்குப் போகிற சனம் வரிசையாக நிற்கிறது, ஒருத்தரும் வாய் திறக்கவில்லை, ஆனால் எனக்கு முதுகு சுட்டது. காவலுக்கு நின்ற பிள்ளை ஒன்று வந்து, "லிஃப்ட் அந்தப் பக்கம் இருக்கும்மா, வாங்க" என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு எந்த ஸ்டேசனுக்குப் போனாலும் அம்மா முதலில் தேடுவது லிஃப்ட்டை.

இனிச் சுரங்கம். வடபழனியிலிருந்து ஏறினால் பாதை முதலில் மேலே, வீடுகளின் மொட்டைமாடி உயரத்தில் போகிறது. கோயம்பேடு தாண்டித் திருமங்கலத்துக்குப் போகிற இடத்தில் ரயில் சரிந்து நிலத்துக்குள் இறங்குகிறது. யன்னலில் வெயில், பிறகு ஒரு சுவர், பிறகு கறுப்பு. அம்மா என் கையைப் பிடித்தா. வன்னியில் ஒரு குறிப்பிட்ட வயதுக்கு மேற்பட்ட ஆட்களுக்கு நிலத்துக்குக் கீழே போவது என்றால் ஒரே ஒரு அர்த்தம்தான், சண்டைக் காலத்தில் குண்டுக்குப் பயந்து ஒளிந்த பங்கர். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னா: "பங்கர் எண்டாலும் வாசல் ஓட்டைக்குள்ளால வானம் தெரியும் தம்பி. இஞ்ச ஒண்டுமே தெரியேல்லை." சொல்லிவிட்டுப் பெட்டிக்குள் சுற்றிப் பார்த்தா. எதிரே ஒரு பெட்டை காதில் வயரோடு நித்திரை, ஒரு ஐயா பேப்பர் வாசிக்கிறார், ஒரு குழந்தை கம்பியைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. எழும்பூர் வருவதற்குள் கை தளர்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் அவ கேட்ட கேள்வி, "மாரியில இதுக்குள்ள தண்ணி வராதோ?"

பம்புக்காரனின் அம்மா அல்லவா. மாரி காலத்தில் பங்கருக்குள் முழங்கால் தண்ணீரில் நின்ற ஆளும் அல்லவா. மருமகன், அதாவது அக்காவின் மகன்தான் விளங்கப்படுத்தினான்: பெரிய உருளை மெசின் ஒன்று முன்னால் மண்ணைக் குடைந்துகொண்டு போக, அதன் பின்னாலேயே கொங்கிறீட் துண்டுகளை வளையமாகப் பூட்டிக்கொண்டு வருவார்கள், துண்டுக்கும் துண்டுக்கும் இடையில் றப்பர் சீல், அதையும் மீறி வருகிற தண்ணீரைக் கீழே கிடங்கில் சேர்த்துப் பம்பால் வெளியே அடிப்பார்கள். அங்கேயும் பம்பு இருக்கிறது என்று கேட்டதும் எனக்கு ஒரு சொந்தக்காரனைக் கண்டது போல இருந்தது.

அன்றிரவுதான் காசுக் கதை தொடங்கியது. நான் கேட்டேன், இவ்வளவு வேலைக்கும் பத்து ரூபாயும் முப்பது ரூபாயும் எந்த மூலைக்குக் காணும்? மருமகன் சிரித்தான். அவன் பழைய மகாபலிபுரம் சாலையில் கம்பியூட்டர் வேலை, தினமும் போக வர மூன்று மணித்தியாலம் தெருவில், ஆனபடியால் மெட்ரோ அரசியல் அவனுக்கு மனப்பாடம்.

முதல் கட்டம் ஏறத்தாழ 45 கிலோமீற்றர், 14,600 கோடி இந்திய ரூபாய். 2009 இல் வேலை தொடங்கியது. அந்தக் காசில் ஏறத்தாழ 59 வீதம் யப்பானின் ஜைக்கா என்ற உதவி நிறுவனம் கொடுத்த கடன், மிச்சத்தில் பெரும்பகுதி டெல்லியும் தமிழ்நாடும் போட்டது. மெட்ரோ நடத்துகிற கம்பனியே இரண்டு அரசுக்கும் சரிபாதி. தொடங்கும்போது முதலமைச்சர் கருணாநிதி. 2011 இல் ஜெயலலிதா வந்தா, வந்ததும் மொனோரயில் போடப் போகிறேன் என்று அறிவித்தா. எங்கள் நாடாக இருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். முந்தின ஆள் தோண்டின கிடங்கைப் புதிய ஆள் மூடிவிட்டு, பக்கத்தில் வேறு கிடங்குக்கு அடிக்கல் நாட்டியிருப்பார். ஆனால் அங்கே மொனோரயில் கடதாசியிலேயே நின்றுவிட்டது, மெட்ரோ வேலை நிற்கவில்லை. 2015 ஆனி 29 ஆம் தேதி கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூர் வரைக்கும் முதல் ரயிலைக் கொடியசைத்து விட்டது அதே ஜெயலலிதாதான். யார் கொண்டுவந்தது என்று இரண்டு கட்சியும் நன்றாக அடிபட்டன, அது வேறு. 2019 மாசியில் முதல் கட்டம் முடிந்தபோது ஆட்சியில் எடப்பாடி பழனிசாமி, திறந்தது மோடி.

இந்தச் சண்டைக்கு ஒரு வடிவான சாட்சி ஸ்டேசன் பெயர்கள். ஆலந்தூருக்கு அறிஞர் அண்ணா, சென்ட்ரலுக்குப் புரட்சித் தலைவர் எம்.ஜி.ஆர், கோயம்பேடு பஸ் நிலையத்துக்குப் புரட்சித் தலைவி ஜெயலலிதா, எல்லாம் 2020 இல் வைத்தது. பெயர்ப் பலகையை வாசித்து முடிப்பதற்குள் கதவு பூட்டிவிடும் என்று மருமகன் பகிடி விட்டான். சனம் இன்றைக்கும் சென்ட்ரல் என்றுதான் சொல்கிறது.

இரண்டாம் கட்டம்தான் விசயம். 118.9 கிலோமீற்றர், மூன்று வழித்தடம், 63,246 கோடி. பிரித்துப் பார்த்தால் கிலோமீற்றருக்கு 530 கோடிக்கு மேலே. 2020 கார்த்திகையில் அமித் ஷா வந்து அடிக்கல் நாட்டினார். 2021 மாசி முதலாம் தேதி நிர்மலா சீதாராமன் வரவு செலவுத் திட்டத்தில் இந்த 63,246 கோடித் திட்டத்துக்கு மத்திய அரசும் பங்கு போடும் என்று வாசித்தார். அந்த வருசம் சித்திரையில் தமிழ்நாட்டில் தேர்தல். தேர்தலில் ஆட்சி மாறி ஸ்டாலின் வந்தார். பிறகு? பிறகு ஒன்றும் இல்லை. டெல்லி அமைச்சரவை கையெழுத்து வைக்கவில்லை. அது மாநிலத்தின் திட்டம், செலவில் ஏறத்தாழ 90 வீதம் மாநிலத்தின் பொறுப்பு என்ற கணக்கிலேயே வருசங்கள் ஓடின. தமிழ்நாடு தன் கடனில் வேலையை இழுத்துக்கொண்டு போனது. 2024 புரட்டாசியில் ஸ்டாலின் டெல்லிக்குப் போய் மோடியைச் சந்தித்தார், ஐப்பசி 3 ஆம் தேதி அனுமதி வந்தது. அதற்குப் பிறகு டெல்லி சொன்ன கணக்கு தலைகீழ்: ஏறத்தாழ 65 வீதம் மத்திய அரசு, அதில் பெரும்பகுதி யப்பான், ஆசிய அபிவிருத்தி வங்கி போன்றவர்கள் கொடுக்கிற கடன், மிச்சம் 35 வீதம் மாநிலம்.

நான் இதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது என் மனதில் ஓடியது வேறு தேதிகள். எங்கள் கிளிநொச்சி ஸ்டேசனுக்குச் சண்டைக்குப் பிறகு முதல் ரயில் வந்தது 2013 புரட்டாசி 14 ஆம் தேதி. மகிந்த ராஜபக்ச அதில் வந்து இறங்கினார். நாங்களும் போய் நின்றோம், 1990 க்குப் பிறகு காணாத சாமான் அல்லவா, வயதானவர்கள் தண்டவாளத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். சரியாக ஒரு கிழமை கழித்து, 21 ஆம் தேதி, வடமாகாண சபைத் தேர்தல். காங்கேசன்துறை வரைக்கும் பாதை திறந்தது 2015 தை 2 ஆம் தேதி, ஜனாதிபதித் தேர்தல் தை 8 ஆம் தேதி. இரண்டு தடவையும் ரயிலில் ஏறினோம், வாக்கை வேறு பக்கம் போட்டோம், அதுவும் ஒரு கணக்குத்தான். அந்தப் பாதைக்குக் காசு கொடுத்தது இந்தியக் கடன், போட்டது இந்தியாவின் இர்கொன் கம்பனி. மாகோவிலிருந்து ஓமந்தை வரைக்கும் பாதையைப் புதுப்பித்ததும் அதே கடன் வழியில்தான், 91.27 மில்லியன் டொலர், அதற்காக 2023 இல் தையிலிருந்து ஆடி வரைக்கும் எங்களுக்குக் கொழும்பு ரயிலே இல்லை, பஸ்சில் முதுகு உடைந்தது.

ஆனபடியால் தேர்தலுக்கு முன்னால் ரயில் விடுகிறார்கள் என்று நான் யாரையும் குறை சொல்லப் போவதில்லை. எல்லா ஊரிலும் தண்டவாளம் தேர்தலுக்கு முன்னால்தான் பிறக்கிறது. தேர்தல் முடிந்து, தோற்றவர் வீட்டுக்குப் போய், வென்றவர் கணக்குப் புத்தகத்தைத் திறக்கிறபோது அந்தப் பக்கத்தைக் கிழிக்கிறாரா இல்லையா, அதில்தான் வித்தியாசம். சென்னையில் இழுத்தடித்தார்கள், ஆனால் கிழிக்கவில்லை. கொழும்பில் கிழித்தார்கள். மாலபே புறநகரிலிருந்து கொழும்புக் கோட்டை வரைக்கும் இலகு ரயில் ஒன்று வர இருந்தது ஞாபகம் இருக்கிறதா? யப்பான் கடன், வட்டி 0.1 வீதம், திருப்பிக் கட்ட 40 வருசம், அதில் முதல் 12 வருசம் கடன் தொகையைக் கட்டத் தேவையில்லை. அப்படி ஒரு கடன் இனி எங்களுக்கு யார் தரப் போகிறார்கள்? 2019 இல் ஒப்பந்தம், 2020 புரட்டாசியில் கோட்டாபய அரசு செலவு கூட என்று சொல்லி நிறுத்தியது. 2023 இல் ரணில் யப்பானுக்குப் போய் வருத்தம் தெரிவித்துவிட்டு வந்தார். வருத்தத்தில் ஏறி மாலபேக்குப் போக முடியாது.

கொழும்பில் ரயில் ஓடினால் வன்னிக்காரனுக்கு என்ன என்று கேட்பீர்கள். கடனைக் கட்டுவது எல்லாரும்தானே. நான் பம்புக்கு வாங்குகிற ஒவ்வொரு பெயாரிங்கிலும் வரி இருக்கிறது. அந்த வரியில் ஒரு துளி கொழும்புக்குப் போவதில் எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை, ஒன்றுமே கட்டாத திட்டத்துக்குப் போவதில்தான் இருக்கிறது.

கிளிநொச்சிக்குச் சுரங்க ரயில் கேட்க நான் விசரனும் இல்லை. இரணைமடு வாய்க்காலுக்குக் கீழே தோண்டிக்கொண்டு எங்கே போவது? மதுரைக்கும் கோயம்புத்தூருக்குமே மெட்ரோ கேட்டு, 20 இலட்சம் சனம் இல்லாத நகரம் என்று 2017 ஆம் ஆண்டுக் கொள்கையைக் காட்டி 2025 கார்த்திகையில் டெல்லி கோப்பைத் திருப்பி அனுப்பியிருக்கிறது. அப்படியென்றால் ஆக்ராவுக்கு எப்படி ஓடுகிறது என்று தமிழ்நாட்டில் கேட்கிறார்கள், நியாயமான கேள்விதான். ஆனால் முல்லைத்தீவுக்கு இன்றைக்கு வரைக்கும் ஒரு சாதாரணத் தண்டவாளமே போனதில்லை, மாங்குளத்தில் இறங்கி பஸ் பார்க்க வேண்டும். அதை ஒரு தேர்தலிலாவது யாராவது பொய்யாகவேனும் சொல்லியிருக்கலாம்.

திரும்ப மெட்ரோவுக்கு வருகிறேன். குறை இல்லையா என்றால் இருக்கிறது. நாலே நாலு பெட்டி, காலையிலும் பின்னேரமும் வேலைச் சனம் ஏறினால் நெரிசல், வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் பத்து மணிக்குப் பிறகு போவது நல்லது. காலை 5 மணியிலிருந்து இரவு 11 மணி வரைக்கும் ஓடுகிறது, அதற்கு முந்திப் பிந்தி விமானம் பிடிக்கிறவர்கள் வேறு வழி பார்க்க வேண்டும். விமான நிலையத்திலேயே ஸ்டேசன் இருக்கிறது, யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையத்திலிருந்து போய் இறங்குகிறவர்களுக்கு அது பெரிய உதவி, பெரிய பெட்டிகள் இல்லையென்றால் நேரே ஏறிவிடலாம். ஸ்டேசனிலிருந்து வீடு வரைக்கும் போகிற அந்தக் கடைசி இரண்டு மூன்று கிலோமீற்றர்தான் பலருக்கும் சிக்கல், அங்கே திரும்பவும் ஓட்டோக்காரரின் கையில்தான் விதி. எங்களுக்கு மருமகனின் மோட்டார்சைக்கிள் இருந்தது, அம்மாவை நடுவில் வைத்து மூன்று பேர், பொலிஸ் மறிக்கவில்லை, நல்ல காலம்.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால் ஓடுகிற மெட்ரோவுக்கு நாலரை கொடுப்பேன். டெல்லிக்கும் சென்னைக்கும் நடந்த காசு இழுபறிக்கு இரண்டு, அதுவும் கடைசியில் கையெழுத்து வைத்தபடியால்.

வெளிக்கிடுவதற்கு முதல் நாள் பின்னேரம் மொட்டைமாடியில் இருந்தோம். அங்கிருந்து பார்த்தால் ஆற்காடு சாலைத் தூண்கள் தெரியும், மேல்தட்டில் தொப்பி போட்ட ஆட்கள் வெல்டிங் அடித்துக்கொண்டிருந்தார்கள், நெருப்புப்பொறி கீழே கொட்டியது. பூந்தமல்லிப் பக்கம் பங்குனியில் சோதனை ஓட்டம் விட்டார்கள், இதில் ஓடப்போவது சாரதி இல்லாத ரயில் என்று மருமகன் சொன்னான். சோழிங்கநல்லூர்ப் பாதை திறந்தால் வளசரவாக்கத்தில் ஏறி வேலைத்தலப் பக்கமே போய் இறங்குவானாம். ஒரு கண்ணில் ஒப்பரேசன் முடிந்திருந்த அம்மா, கறுப்புக் கண்ணாடிக்குள்ளாலும் வெல்டிங்கைப் பார்க்கக் கூடாது என்று அக்கா கத்த, அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டா:

"எப்ப திறப்பினமாம்?"

"இருபத்தேழு எண்டு சொல்லுகினம் அம்மம்மா. எங்கட ஆக்கள் சொன்னா ஒரு வருசம் கூட்டித்தான் பாக்கோணும்."

அம்மா விரலில் எண்ணினா. "சரி. அப்ப மற்றக் கண்ணை அதுக்குப் பிறகு வெட்டுவம். வாசலில ஏறலாம்."